கரிப்பை உறிஞ்சும் கரி

தொழில்நுட்பங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் வென்றவற்றின் வழியாகவே வாசிக்கிறோம். உவர்நீரைக் குடிநீராக்கிய கதையும் அதற்கு விலக்கல்ல. இன்று நம் சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. பெட்டியிலிருந்து பின்னோக்கி நடந்தால், 1959-60 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோயப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்ற இருவர் வார்த்தெடுத்த செல்லுலோஸ் அசிடேட் சவ்வில் போய் நிற்போம். (சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர், திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கியவர். அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.) அந்த நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் ஓர் ஒற்றையடிப் பாதை பிரிந்து போவது நம் கண்ணில் படுவதில்லை. அதே 1960-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. பிளேர், ஜி. டபிள்யூ. மர்ஃபி ஆகியோர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நுண்துளைகள் மலிந்த, பெரும் பரப்புடைய மின்வாய்களைக் கொண்டு நீரிலுள்ள உப்பை மின்சாரத்தால் நீக்கலாம் என்பது அதன் சாரம். அந்த மின்வாய்க்கான பொருள் கரி.

நமக்கு இங்கே விருப்பமான பொருள் அந்தக் கரித்துண்டின் வரலாறுதான். ஏறத்தாழ 1970-இல் கைவிடப்பட்டு, 1990-களில் மீண்டும் கையிலெடுக்கப்பட்டு, இன்றுவரை செப்பனிடப்பட்டு வரும் பொருள் அது. செப்பனிட்டவர்கள் பல்லாண்டுகள் பிழையான ஓர் அளவுகோலையே கையில் வைத்திருந்தார்கள் என்பதும், தொடக்கத்தில் தள்ளிவிடப்பட்ட ஒரு கருத்து அரை நூற்றாண்டுக்குப் பின் புழக்கடை வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதும் இவ்வரலாற்றை வாசிக்கத் தகுந்ததாக்குகின்றன.

முதலில் செயல்முறையைச் சொல்லிவிடுவோம். சோற்றுப்பு நீரில் கரைந்ததும் நேர்மின்னூட்டம் கொண்ட சோடிய அயனியாகவும் எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு அயனியாகவும் பிரிந்துவிடுகிறது. இரண்டு கரித்தகடுகளை எதிரெதிரே நிறுத்தி, இடையே இந்நீரை ஓடவிட்டு, தகடுகளுக்கு 1.2 வோல்ட் அளவில் மின்னழுத்தம் தருகிறோம். டார்ச் விளக்கில் போடும் ஒரு பேட்டரியின் அழுத்தத்தைவிட இது குறைவு. சோடியம் எதிர்மின்வாயை நோக்கியும் குளோரைடு நேர்மின்வாயை நோக்கியும் நகர்ந்து, கரியின் நுண்துளைச் சுவர்களை அண்டி நின்றுவிடுகின்றன. வெளியேறும் நீரில் உப்பு குறைந்திருக்கிறது. கரி நிரம்பியதும் மின்னழுத்தத்தை நீக்கினால், அல்லது முனைகளை மாற்றினால், பிடிபட்ட அயனிகள் விடுபட்டுச் சிறிதளவு கழிவுநீரோடு போய்விடுகின்றன. பிறகு மீண்டும் முதலிலிருந்து. காய்ச்சி வடிப்பதும் ஆர்.ஓ.வும் உப்பிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கின்றன. இது நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கிறது. லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு உள்ள கிணற்றுநீரில் ஏறத்தாழ ஆயிரம் பங்கு நீரும் இரண்டு பங்கு உப்பும் இருக்கின்றன. அந்த இரண்டு பங்கை நகர்த்துவது எளிதா, ஆயிரம் பங்கை நகர்த்துவது எளிதா என்று கேட்டால் எவருக்கும் விடை தெரியும். இம்முறையின் கவர்ச்சி முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. விடை அத்தனை எளிதாக நடைமுறைக்கு வரவில்லை என்பது பின்னால் தெரியவரும்.

*

1950-களின் அமெரிக்காவில் நீர் ஓர் அரசியல் பொருளாக இருந்தது. 1952-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் உவர்நீர்ச் சட்டம் ஒன்றை இயற்றி, உள்துறையின் கீழ் ஐந்தாண்டுகளுக்கு இருபது லட்சம் டாலரை ஒதுக்கியது. உவர்நீர் அலுவலகம் என்ற அமைப்பு அதிலிருந்து எழுந்தது. 1961 ஜூனில் டெக்சாஸ் மாநிலத்து ஃப்ரீபோர்ட் நகரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டபோது, அதிபர் கென்னடி வெள்ளை மாளிகையிலிருந்தே ஒரு பொத்தானை அழுத்தித் தொடங்கி வைத்தார். எந்த முறை வெல்லும் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. காய்ச்சி வடித்தல், உறையவைத்தல், எலக்ட்ரோடயாலிசிஸ், சவ்வுகள் என்று எல்லாக் குதிரைகளின் மீதும் அவ்வலுவலகம் பணம் கட்டியது. ஓக்லஹோமாவின் கரியும் அக்குதிரைகளில் ஒன்று.

மர்ஃபியும் அவருடன் பணியாற்றிய கோடல் முதலியோரும் கரி ஏன் உப்பைப் பிடிக்கிறது என்பதற்குத் தந்த விளக்கம் வேதியியல் சார்ந்தது. கரியின் மேற்பரப்பு வெறும் கார்பன் அன்று. அங்கே ஆக்சிஜன் கலந்த பல்வேறு வேதித் தொகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் பாயும்போது குவினோன் போன்ற அத்தொகுதிகள் மாற்றமடைந்து அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன என்று அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தின்படி கிராஃபைட், கார்பன் கறுப்பு போன்ற கரிகளெல்லாம் இயல்பிலேயே நேர் அயனிகளுக்கு இணங்குபவை. எதிர் அயனிகளுக்கு இணங்கும் கரியைத் தனியே சமைத்தாக வேண்டும். ஆகவே 1960-களின் உழைப்பில் பெரும்பகுதி அத்தகைய கரியைத் தேடுவதில் சென்றது. எத்திலீன் டைஅமினில் கரியைப் பதப்படுத்திப் பார்த்தவர்களும் உண்டு. 1968-இல் நாளொன்றுக்கு 20 காலன், அதாவது சுமார் 75 லிட்டர், சுத்திகரிக்கும் சிறு மாதிரி நிலையத்தைக் களத்தில் ஓட்டிப் பார்த்து அறிக்கையும் தந்தார்கள்.

இவ்விளக்கத்தை மாற்றியமைத்தவர்களில் முதன்மையானவர் பெர்க்லியின் ஜான் நியூமன். நுண்துளை மின்வாய்களின் கணிதத்தை 1962-இலேயே சார்ல்ஸ் டோபியாசுடன் சேர்ந்து எழுதியவர் அவர். பிற்காலத்தில் லித்தியம் பேட்டரிகளைக் கணிப்பதற்கு உலகெங்கும் பயன்படும் மாதிரியிலும் அவர் பெயர் இருக்கிறது. 1971-இல் ஏ. எம். ஜான்சனுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை வேதித் தொகுதிகளை ஓரங்கட்டிவிட்டது. கரி ஒரு மின்தேக்கி, அவ்வளவே என்றது அது. மின்னூட்டம் பெற்ற ஒரு பரப்பு நீரில் நிற்கும்போது எதிர்க்குறி அயனிகள் அதன் முன் அடுக்காகத் திரண்டு நிற்கும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த 'மின் இரட்டை அடுக்கு' இதுதான். அப்படியானால் எவ்வளவு உப்பைப் பிடிக்கலாம் என்பது மூன்றைப் பொறுத்தது: எவ்வளவு பரப்பு, அப்பரப்பின் மின்தேக்குத் திறன் என்ன, எவ்வளவு வோல்ட். எதிர் அயனிக்கென்று தனிக் கரி வேண்டியதில்லை. ஒரே கரி இரண்டு பக்கமும் நிற்கலாம்.

பத்தாண்டுச் சிக்கலை அவிழ்த்த விளக்கம் இது. ஆனால் அவிழ்ந்த அதே காலத்தில் ஆய்வு நின்றுபோனது. 1970-இல் வெளிவந்த ஜான்சன் குழுவின் அறிக்கை, நீடித்து உழைக்கும் பெரும்பரப்புக் கரி கிடைத்தால் இம்முறை மலிவானதாக இருக்கும் என்று மதிப்பிட்டது. கிடைக்கவில்லை. மின்வாய்கள், குறிப்பாக நேர்மின்வாய், சில காலத்திலேயே நலிந்தன. இதற்கிடையில் 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில், கிணற்றுநீரை நன்னீராக்கும் முதல் ஆர்.ஓ. நிலையம் ஓடத் தொடங்கியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று கண்முன் இருக்கும்போது, நலியும் ஒன்றுக்குப் பணம் தர எவர் முன்வருவார்? உவர்நீர் அலுவலகமே 1974-இல் வேறொரு அலுவலகத்துடன் இணைக்கப்பட்டு மறைந்தது.

*

நேர்மின்வாய் ஏன் நலிகிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. மீதிக் கதை முழுவதும் இதையே சுற்றி வருகிறது. கரி எரியும் பொருள் என்பது நமக்குத் தெரியும். அடுப்பில் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகிறது. மின்வாயாக நீருக்குள் நிற்கும்போதும், நேர்மின்னழுத்தத்தின் தூண்டுதலால் நீரிலுள்ள ஆக்சிஜனைப் பற்றி அது அதே வாயுவாக மாறக்கூடும். வெப்ப இயக்கவியல் கணக்கின்படி ஹைட்ரஜன் மின்வாயை ஒப்பிட 0.21 வோல்ட்டைத் தாண்டினாலே போதும். நல்லவேளையாக அது மிக மெதுவாக நடக்கிறது. மெதுவாக நடப்பதால்தான் இம்முறை சாத்தியமாயிற்று. நடந்துகொண்டே இருப்பதால்தான் இம்முறை தோற்றது. வாயுவாகப் போய்விடும் கரி ஒருபுறம். எஞ்சும் கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகள் சேர்ந்துகொண்டே போவது மறுபுறம். இத்தொகுதிகள் எதிர்மின்னூட்டம் கொள்பவை. குளோரைடை இழுக்க வேண்டிய கரி நாளடைவில் தானே எதிர்மின்னூட்டம் பெற்றுவிட்டால், மின்னழுத்தம் தந்ததும் முதலில் நடப்பது, அதுவரை அங்கே தங்கியிருந்த சோடியம் வெளியே தள்ளப்படுவதுதான். உப்பைப் பிடிக்கவேண்டிய நேரத்தில் அது உப்பை உமிழ்கிறது.

ஓக்லஹோமாக்காரர்கள் கரியின் மேற்பரப்பில் கண்ட வேதித் தொகுதிகள் கற்பனையல்ல என்பதை வாசகர்கள் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அமெரிக்காவில் கைவிடப்பட்ட பணி இஸ்ரேலில் அடக்கமாகத் தொடர்ந்தது. ஆபிரகாம் சொஃபர் என்பவர் 1972 முதல் நுண்துளைக் கரியின் மின் இரட்டை அடுக்கைப் பற்றி எழுதிவந்தார். 1977-இல் கோரெஷுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, அயனிகளின் பருமனையே ஒத்த மிகச் சிறு துளைகளுக்குள்ளும் அயனிகள் நுழைகின்றன, அங்கும் மின்னூட்டம் சேமிக்கப்படுகிறது என்று காட்டியது. யோரம் ஓரெனுடன் சேர்ந்து, கரி மின்வாய்களைக் கொண்டு உப்பைப் படிப்படியாக ஏற்றியிறக்கும் முறைகளையும் அவர் ஆராய்ந்தார். உப்பு நீக்கத் துறையில் இக்கட்டுரைகள் அப்போது பெரிய அலையை எழுப்பவில்லை.

*

மறுபிறப்பு ஓர் அணு ஆயுத ஆய்வகத்தில் நிகழ்ந்தது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் 1980-களின் இறுதியில் ரிச்சர்ட் பெகாலா என்பவர் ரிசார்சினால், ஃபார்மால்டிஹைடு என்ற இரு சேர்மங்களைக் கலந்து ஒரு கூழ்மத்தை உருவாக்கினார். கூழின் வடிவம் குலையாமல் அதிலுள்ள திரவத்தை மட்டும் நீக்கிவிட்டால் எஞ்சுவது ஏரோஜெல். சாமுவேல் கிஸ்லர் 1931-இலேயே மணல்சத்தான சிலிக்காவைக் கொண்டு இதைச் செய்து காட்டியிருந்தார். பெகாலாவின் கூழ் கரிமச் சேர்மத்தாலானது. ஆகவே அதைக் காற்றில்லாமல் சுட்டால் கார்பன் ஏரோஜெல் கிடைத்தது. மின்சாரத்தைக் கடத்தும், கிராமுக்கு 400 முதல் 1,100 சதுர மீட்டர் வரை உட்பரப்பு இருக்கும், ஒரே துண்டாகத் தகடுபோல் கிடைக்கும்.

இக்கடைசிப் பண்பின் அருமை பழைய மின்வாய்களைப் பார்த்தால் விளங்கும். கரித்தூளைத் தகடாக்க ஏதேனும் ஒரு பாலிமரைப் பசையாகக் கலக்க வேண்டியிருந்தது. பசை துளைகளை அடைக்கும், மின்கடத்தலைக் குறைக்கும், தானும் சிதையும். பசையே தேவையில்லாத ஏரோஜெல் தகடுகளை அடுக்கி ஜோசப் ஃபார்மர் ஒரு கருவி செய்தார். 1995-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1996-இல் சோடியம் குளோரைடு, சோடியம் நைட்ரேட் கரைசல்களில் அதன் செயல்பாட்டை விவரிக்கும் கட்டுரை வந்தது. அயனிப் பரிமாற்றப் பிசின்களைப் புதுப்பிக்க அமிலமும் காரமும் ஊற்ற வேண்டியிருப்பதும், அவை கழிவாகச் சேர்வதும் அவர்களை இப்பக்கம் திருப்பிய காரணங்களில் ஒன்று. இத்துறைக்கு இன்றுள்ள ஆங்கிலப் பெயரும் இவர்கள் வழியாகவே பரவியது. 'மின்தேக்கவழி அயனி நீக்கம்' என்று தமிழில் சொல்லலாம், சுருக்கமாக சி.டி.ஐ. என்று வைத்துக்கொள்வோம்.

பரப்பு, பரப்பு என்ற மந்திரம் இக்காலத்தில்தான் உச்சத்தை எட்டியது. கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் சுமார் 25 சென்ட் நிலம். ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஒரு வீட்டுமனைக்கும் மேல்! இந்த வியப்பு எவரையும் மயக்கக்கூடியதே. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல கரி ஒன்று கிராமுக்கு 100 ஃபாரட் மின்தேக்குத் திறன் கொண்டது எனக் கொள்வோம். 1.2 வோல்ட் இரு மின்வாய்களுக்கும் சரிபாதியாகப் பிரிகிறது. எனவே ஒரு கிராம் கரியில் 60 கூலும் மின்னூட்டம். ஒரு மோல் உப்புக்கு 96,485 கூலும் என்ற ஃபாரடே கணக்கின்படி இது 36 மில்லிகிராம் உப்புக்குச் சமம். இரு மின்வாய்களின் எடையையும் சேர்த்து வகுத்தால் கிராமுக்கு 18 மில்லிகிராம். ஆனால் ஆய்வுக்கூடங்களில் கிடைத்ததோ பெரும்பாலும் 2 முதல் 15 மில்லிகிராம் வரை. ஏரோஜெல் இவ்வரிசையின் கீழ்ப்படிகளில்தான் நின்றது. பரப்பு இரட்டிப்பான கரிகளிலும் உப்பு இரட்டிப்பாகப் பிடிபடவில்லை. மீதி எங்கே போயிற்று?

இரண்டு விடைகள் வந்தன. இரண்டும் இந்த நூற்றாண்டில்தான் தெளிவு பெற்றன.

முதல் விடை, நாம் செலுத்தும் ஒவ்வொரு மின்னூட்டமும் ஓர் உப்பைப் பிடிப்பதில்லை என்பது. துளைக்குள் ஏற்கெனவே இரு குறி அயனிகளும் இருக்கின்றன. மின்னழுத்தம் ஏறும்போது எதிர்க்குறி அயனி ஒன்று உள்ளே வரலாம். அல்லது ஒத்த குறி அயனி ஒன்று வெளியே போகலாம். இரண்டிலும் மின்சாரக் கணக்கு ஒன்றே. ஆனால் இரண்டாவது நிகழ்ந்தால் நீரில் உப்பு குறையவில்லை. 2009-இல் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் டோரான் ஔர்பாக் குழு இந்த 'மின்னூட்டத் திறன்' வரம்பைப் பற்றி எழுதியது. கட்டுரையாசிரியர்களில் ஒருவர் அதே சொஃபர், 1972-இல் தொடங்கியவர். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் பீஸ்ஹூவல் முதலியோர் இதை ஒரு கருவியாகவே மாற்றி, துளைக்குள் நடப்பதை இதன் வழியே கணிக்கலாம் என்று காட்டினர்.

நோயறிந்தால் மருந்து எளிது. கரியின் முன் ஓர் அயனிச் சவ்வை வைத்து, வெளியே தள்ளப்படும் அயனி திரும்பவும் நீரோட்டத்துக்குள் வராமல் தடுத்துவிடலாம். மார்க் ஆண்டல்மன் என்ற அமெரிக்கர் இத்தகைய தடுப்புக்கு 2004-இல் காப்புரிமை பெற்றிருந்தார். 2006-இல் கொரியாவில் அனல்மின் நிலையக் கழிவுநீரில் சவ்வுடன் கூடிய சி.டி.ஐ. சோதிக்கப்பட்டது. சவ்வை வெல்லப் புறப்பட்ட முறை சவ்வைத் துணைக்கு அழைத்துக்கொண்டது என்று சொல்லிச் சிரிக்கலாம். சவ்வோடு சேர்த்து அதன் விலையும் வந்து ஏறிக்கொண்டது என்பது அத்தனை சிரிப்புக்குரியதல்ல.

இரண்டாவது விடை துளைகளின் அளவைப் பற்றியது. நெடுங்காலம் ஆய்வாளர்கள் இரண்டு நானோமீட்டருக்கும் குறைந்த துளைகளைப் பயனற்றவை என்று ஒதுக்கினர். அவ்வளவு குறுகிய இடத்தில் எதிரெதிர்ச் சுவர்களின் இரட்டை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், அயனிகள் தங்க முடியாது என்பது வாதம். ஏரோஜெல் போன்ற இடைத்துளைக் கரிகள் புகழ்பெற்றதில் இவ்வாதத்துக்கும் பங்குண்டு. 2006-இல் கோகோட்சி, சிமோன் முதலியோர் 'சயன்ஸ்' இதழில், துளைகள் ஒரு நானோமீட்டருக்கும் கீழே குறுகும்போது கரியின் மின்தேக்குத் திறன் எதிர்பார்த்ததற்கு மாறாக உயர்கிறது என்று காட்டினர். அது மின்சாரச் சேமிப்புக்கான ஆய்வு. 2012-13-இல் பொராடா, பிரெஸ்ஸர், பீஸ்ஹூவல் ஆகியோர் டைட்டேனியம் கார்பைடிலிருந்து செய்த கரியைக் கொண்டு உப்பு நீக்கத்திலும் அது உண்மை என்று நிறுவினர். உப்பைப் பிடிப்பதில் மிகுந்த பங்கு ஒரு நானோமீட்டருக்கும் சிறிய துளைகளுக்கே; பெரிய துளைகள் அயனிகள் அங்கே போய்ச் சேர்வதற்கான தெருக்கள். அந்தத் தெருக்களும் வேண்டும். ஆனால் வீடுகளை எண்ண வேண்டிய இடத்தில் தெருவின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்கள். 1977-இல் கோரெஷும் சொஃபரும் எழுதியதைப் படித்தவர்களுக்கு இது அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

இதன் உடன்விளைவு நமக்கு நெருக்கமானது. அரிய ஏரோஜெல்லையோ கார்பைடுக் கரியையோ விட்டுவிட்டு, சிறுதுளைகள் மலிந்த சாதாரணக் கரியின் பக்கம் திரும்புவதற்கு நியாயம் கிடைத்தது. தேங்காய்ச் சிரட்டையை எரித்து நீராவியில் பதப்படுத்திய கரி இயல்பிலேயே சிறுதுளைகள் நிறைந்தது. மின்தேக்கிகளுக்கென விற்கப்படும் சிரட்டைக் கரியொன்று அந்த நெதர்லாந்து ஒப்பீடுகளிலேயே இடம்பெற்று, சமைத்தெடுத்த கரிகளுக்கு வெகுதூரம் பின்தங்காமல் நின்றது. இலங்கையும் தமிழகமும் இத்தகைய கரியை நீர் வடிகட்டிகளுக்காக நெடுங்காலமாக ஏற்றுமதி செய்து வருகின்றன.

*

இத்துறையைப் பற்றிய உற்சாகக் கட்டுரைகள் கடல்நீரையும் விட்டுவைப்பதில்லை. இங்கேயும் ஒரு கணக்குப் போதும். லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள ஆயிரம் லிட்டர் நீரை அரைகிராமுக்குக் கொண்டுவர 1,500 கிராம் உப்பை, அதாவது ஏறத்தாழ 26 மோலை, எடுக்க வேண்டும். ஒவ்வொரு மின்னூட்டமும் வீணாகாமல் 1.2 வோல்ட்டில் இதைச் செய்தால் சுமார் 0.8 யூனிட் மின்சாரம் ஆகும். அதில் ஒரு பகுதியை மின்தேக்கியிலிருந்து திரும்பப் பெறலாம். கடல்நீரில் 35 கிராம் உப்பு. அதே கணக்கில் ஏறத்தாழ 19 யூனிட். இன்றைய ஆர்.ஓ. நிலையங்கள் ஆயிரம் லிட்டர் கடல்நீருக்கு 3 முதல் 4 யூனிட்டில் வேலையை முடித்துவிடுகின்றன. 2013-இல் கொரியாவில் கரித்தூளையே கூழாக ஓடவிட்டு, நிரம்பிய கரியை வெளியேற்றிப் புதிய கரியைத் தொடர்ந்து உள்ளே அனுப்பும் மின்வாய் ஒன்றைச் செய்தார்கள். அதனால் அதிக உப்புள்ள நீரையும் கையாள முடிந்தது. அருமையான யோசனைதான். ஆனால் ஃபாரடேயின் கணக்கை எந்தக் கூழும் மாற்றிவிடாது.

உவர்ப்பு குறைந்த கிணற்றுநீரிலாவது இம்முறை வெல்கிறதா? 2019-இல் யேல் பல்கலைக்கழகத்தின் மெனாகெம் எலிமெலெக் குழு அங்கும் ஆர்.ஓ.வே குறைந்த மின்சாரத்தில் இயங்குகிறது என்று கணக்கிட்டு வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்டின் ஹுவான் சாண்டியாகோவும் லிவர்மோர் ஆய்வாளர்களும் ஒப்பீடு நடத்திய விதமே சரியில்லை என்று அதே ஆண்டில் மறுப்பு எழுதினர். இருதரப்பையும் வாசித்தபின் நமக்குத் தோன்றுவது: மின்சாரக் கணக்கில் மட்டும் இம்முறையின் வாழ்வைப் பணயம் வைப்பவர்கள் அதற்கு நன்மை செய்யவில்லை. இதன் உண்மையான பலம் வேறிடங்களில் இருக்கிறது. அழுத்தப் பம்பு வேண்டாம். எவ்வளவு உப்பை எடுப்பது, எவ்வளவு விடுவது என்பதை வோல்ட்டைத் திருகியே தீர்மானிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கழிவாகப் போகும் நீர் குறைவு. வீட்டு ஆர்.ஓ. பெட்டிகள் பல, உள்வாங்கும் நீரில் பாதிக்கும் மேல் கழிவுக்குழாயில் விடுவதை நாம் அறிவோம். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கும் குறைவாகக் கரைபொருள் உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டதும் இக்காரணத்தால்தான். 500-க்கும் 2,000-க்கும் நடுவே நிற்கும் நிலத்தடி நீர் நம் வறண்ட மாவட்டங்களில் ஏராளம். கரி தன் இடத்தைக் கண்டுகொள்ளக்கூடியது இந்த இடைவெளியில்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் தொடர்பில் உருவான இன்னோடிஐ நிறுவனம் சி.டி.ஐ. கருவிகளைச் செய்ய முற்பட்டதற்கும் இதுவே பின்னணி.

*

ஓக்லஹோமாவின் தள்ளுபடியான கருத்தை நினைவில் வைத்திருக்கச் சொல்லியிருந்தோம்.

நேர்மின்வாயின் நலிவை 2013-இல் ஔர்பாக் குழு நீண்டநாள் ஓட்டங்களில் மீண்டும் அளந்து எழுதியது. நாற்பதாண்டுகளுக்கு முன் ஆய்வைக் கொன்ற அதே நோய். கென்டகி பல்கலைக்கழகத்தில் இதை எதிர்கொண்ட காவோ, ஓமோசெபி, லாண்டன், லியூ ஆகியோர் 2015-இல் நோயையே மருந்தாக்கிப் பார்த்தனர். கரியின் மேற்பரப்பு காலப்போக்கில் எதிர்மின்னூட்டம் கொள்கிறது என்றால், அதை முன்கூட்டியே வேண்டிய அளவுக்கு ஏற்றிவிடலாமே? அவர்கள் ஒரு மின்வாயில் எதிர்மின்னூட்டமும் மற்றதில் நேர்மின்னூட்டமும் வேதியியல் முறையில் நிலைபெறச் செய்தார்கள். விளைவு தலைகீழானது: மின்னழுத்தம் இல்லாதபோது கரி உப்பைப் பிடித்தது, அழுத்தம் தந்தபோது விட்டது. வழக்கமான அமைப்பைவிட நெடுநேரம் நலியாமல் ஓடியது. அதே ஆண்டில் பீஸ்ஹூவல், ஹாமலர்ஸ், சஸ் ஆகியோர் வேதித் தொகுதிகளின் நிலைத்த மின்னூட்டத்தையும் இரட்டை அடுக்கையும் ஒன்றாக இணைத்து ஒரு கோட்பாடு எழுதினர். மர்ஃபியும் கோடலும் கரியின் மேற்பரப்பில் பார்த்தவை இப்போது சமன்பாட்டில் தமக்கென ஓர் உறுப்புடன் இடம்பெற்றிருக்கின்றன. ஒவ்வொரு அயனிக்கும் தனிக் கரி சமைக்க வேண்டும் என்று எத்திலீன் டைஅமினைக் கையிலெடுத்தவர்களைப் பார்த்து இனி எவரும் எளிதாகச் சிரித்துவிட முடியாது. அவர்களது விளக்கம் பிழை. அவர்கள் தொட்ட இடம் சரி.

ஆனாலும் நேர்மின்வாய் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, மெதுவாக. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரம்பிக் காலியாகும் ஒரு வீட்டுக் கருவி ஓராண்டில் ஐம்பதாயிரம் தடவைக்கு மேல் அவ்வேலையைச் செய்தாக வேண்டும். புதிய கரிகளை அறிவிக்கும் கட்டுரைகள் பல, சில பத்துச் சுழற்சிகளில் நின்றுவிடுகின்றன. கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண் சுருக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கும். எத்தனையாவது சுழற்சியில் அது பாதியாயிற்று என்பது இருந்தால் பின்னிணைப்பில் இருக்கும். இத்துறையில் புதிதாக ஒரு கட்டுரை கைக்கு வந்தால், நாம் முதலில் அந்தப் பின்னிணைப்பைத்தான் புரட்டிப் பார்க்கிறோம்.